கயவாகு என்னும் பெயரும் அதனைத் தாங்கினோரும்

பாடசாலை இடாப்பை ஒருமுறை புரட்டியோர் யாவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. ஒரே வகுப்பிற் கனகசபை என்னும் பெயருடையார் இருவர் இருப்பர். அடுத்த வகுப்பில் மூன்றாமவர் ஒருவர் இருப்பர். ஆசிரியர் இடாப்புக் கூப்பிடும்போது தந்தை பெயரின் முதலெழுத்தை அழுத்திச் சொல்லாவிடின் இருவரும் ஒருங்கே எழுந்து நிற்பர். இதற்குக் காரணம் வெளிப்படை. பாட்டன் பெயரை மகன்வழிப் பிள்ளைக்கு இடுதல் தமிழர் தொன்றுதொட்டுக் கைக்கொண்ட முறை. பெயரன் என்பதே பேரன் என மருவிற்று. யாழ்ப்பாணத்திலோ பாட்டனையே பேரன் என்று அழைப்பாரும் உளர். பெயரைக் கொடுத்தவனும் பேரன், பெற்றவனும் பேரன்! இவற்றோடு ஊர்க்கோயில் மூர்த்தியின் திருநாமமும் சேர்ந்துகொண்டால், ஒரு குறிச்சியில் ஒரே பெயர் பத்து வீடுகளில் வழங்குவதில் வியப்பில்லை.

இத்தகைய மலரொன்றுக்குப் பழைய மாணவர் பெயர்வரிசை தயாரிப்போர் படும் பாட்டையும் அறிவோம். முதலெழுத்தும் ஊரும் சேர்ந்த ஆண்டும் கையிலிருந்தும் அவர்கள் தடுமாறுகின்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லிலும் ஏட்டிலும் பெயரை மாத்திரம் கண்டு ஆளைத் தேடும் சரித்திர ஆசிரியனுக்கு இவ்வுதவிகளிற் பலவும் இல்லை. அவன் தடுமாறினால் ஒருவர் பரிசு மற்றொருவர் கைக்குப் போவதோடு காரியம் நில்லாது. ஒரு நூலின் காலமும், ஒரு வழிபாட்டின் தொடக்கமும், ஒரு குடியேற்றத்தின் கதையும் இடம் மாறிவிடும்.

பேரறிஞரும் இவ்விடத்தில் வழுக்கியதுண்டு. அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நம் நாட்டோடு தொடர்புடையது. இந்தியாவின் தூண்களிலும் பாறைகளிலும் பொறித்திருந்த பிராமி எழுத்துக்களை 1837இல் வாசித்து முடித்த யேம்ஸ் பிரின்செப், அவற்றிற் பேசும் அரசன் தன்னைத் 'தேவானாம்பிய பியதசி' என்று அழைத்துக்கொள்வதைக் கண்டார். அப்பெயரின் முற்பகுதியைத் தாங்கியவனாக அவர் அறிந்திருந்தவன் அநுராதபுரத்துத் தேவநம்பிய தீசன். ஆகவே இந்தியா முழுவதும் கல்லில் அறம் உரைத்தவன் இலங்கை மன்னன் என அவர் முதலிற் கருதினார்! இலங்கைச் சிவில் சேவையில் இருந்த யோர்ச் டேணர், பியதசி என்பது அசோகனையே குறிக்கும் எனத் தீபவம்சத்தைக் கொண்டு காட்டிய பின்னரே அக்கருத்து மாறிற்று. அசோகன் என்னும் பெயரையே வெளிப்படையாகத் தாங்கிய மாஸ்கிச் சாசனம் 1915இற் கிடைத்தது. தேவர்க்கு உகந்தவன் என்னும் அவ்விருதைச் சமகாலத்து மன்னர் இருவர் கடலின் இரு புறத்தும் தாங்கியிருந்தனர், அவ்வளவே.

இங்கு நாம் ஆராயப் புகுவது வேறொரு பெயர். கயவாகு அல்லது கஜபாகு என்னும் பெயர் சிலப்பதிகாரத்தில் வருகின்றது, மகாவம்சத்தில் வருகின்றது, அதன் பிற்பகுதியாகிய சூளவம்சத்தில் மீண்டும் வருகின்றது, பிராமிச் சாசனங்களிலும், அவற்றிற்குச் சுமார் ஆயிரம் ஆண்டு பிற்பட்ட தமிழ்ச் சாசனங்களிலும் வருகின்றது. சிங்கள நூலாகிய இராஜாவலியவில் அப்பெயரோடு ஒரு வீரகதை கட்டுண்டு கிடக்கின்றது. திருகோணமலைக் கோணேசர் கல்வெட்டில் அதே பெயரோடு முற்றிலும் வேறொரு கதை. 1959இல் இலங்கைக் கடற்படை பெற்ற போர்க்கப்பலொன்றும் இப்பெயரையே பெற்றது. இத்தனை இடத்திலும் நிற்பவன் ஒருவன்தானா என்பதே வினா. இதனைச் சிறு வினா என எண்ணற்க. சங்க இலக்கியத்தின் காலத்தை வரையறுக்க முயன்ற பலர் இப்பெயர் ஒன்றையே முளையாக அறைந்து, அதிலே தம் கணக்கு முழுவதையும் கட்டினர்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். கஜம் யானை, பாகு தோள். யானையின் துதிக்கை போன்ற தோளுடையான் என்பது பொருள். வடமொழி ஜகரம் பாகதத்தில் யகரமாதலும் தமிழில் அவ்வாறே கயம் எனத் திரிதலும் இயல்பு. ஆதலாற் கயவாகு என்ற வடிவத்தைக் கொண்டு அது முற்காலத்ததா பிற்காலத்ததா எனத் துணிதல் இயலாது. ஆயின் 'பாகு' என முடியும் பெயர்கள் பற்றி ஒன்று கூறலாம். முற்கால அநுராதபுர மன்னர் வரிசையில் தீசன், அபயன், நாகன் என்னும் பெயர்களே மாறி மாறி வருகின்றன. அவ்வரிசையிற் கஜபாகு என்னும் பெயர் தனித்து நிற்கின்றது. 11, 12ஆம் நூற்றாண்டுகளிலோ விஜயபாகு, ஜயபாகு, விக்கிரமபாகு, பராக்கிரமபாகு எனப் பாகுக்கள் பெருகிவிடுகின்றனர். அக்காலத்து அரச குடும்பத்தார் கஜபாகு என்னும் பழம்பெயரைத் தேடி எடுத்தமைக்கு இவ்விருப்பமே போதிய காரணமாகும்.

முதற் கஜபாகு கி. பி. 2ஆம் நூற்றாண்டினன். அவன் ஆட்சியை 114 முதல் 136 வரை எனக் கொள்வோர் பலர். வேறு கணக்கினர் அரை நூற்றாண்டளவு பின்தள்ளுவர். மகாவம்சம் அவனைக் கஜபாகு காமணி என்றழைத்து, 22 ஆண்டு ஆண்டான் என்கின்றது. விகாரை எடுத்தான், தூபியைப் பெருப்பித்தான், குளம் ஈந்தான் என்ற வழக்கமான அறச்செயல்களை அது கூறுகின்றது. சோழநாட்டுப் போரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பத்தினித் தெய்வத்தைப் பற்றியும் இல்லை. இவனுடைய சாசனங்கள் தரும் செய்தி சுருக்கமாயினும் பெறுமதி வாய்ந்தது. வசபனின் பேரனும் திஸ்ஸ மகாராசனின் மகனுமாகிய கயபாகு காமணி அபயன் என அவை அவனைக் குறிக்கின்றன. காமணி அபயன் என்ற பெயரோ இவனுக்கு முன்னரே பலர் தாங்கியது. துட்டகாமணியும் வட்டகாமணியும் காமணி அபயரே. கல்வெட்டியவன் இந்த இடரை உணர்ந்தே தந்தை பெயரையும் பாட்டன் பெயரையும் சேர்த்துப் பொறித்தான் போலும். நம் இடாப்பின் முதலெழுத்து செய்யும் வேலையை அன்று கல் செய்தது.

இரண்டாங் கஜபாகு பொலநறுவையில் 1131 முதல் 1153 வரை ஆண்டவன், சோழராட்சியை நீக்கிய முதலாம் விஜயபாகுவின் பேரன், விக்கிரமபாகுவின் மகன். இவன் வாழ்வு முழுவதும் உறவினரோடு போராட்டமாகவே கழிந்தது. பின்னாளிற் பேரரசனாய் விளங்கிய பராக்கிரமபாகு இவனோடு பொருது இவனைச் சிறைசெய்து பின் விடுவித்தான். போரை விடுத்து இருவரும் செய்துகொண்ட உடன்படிக்கை சங்கமுவைக் கற்சாசனத்திற் காணப்படுகின்றது. சூளவம்சம் பராக்கிரமபாகுவையே தலைவனாக வைத்துப் பாடியது. ஆதலால் அதிற் கஜபாகுவின் உருவம் மங்கலாகவே தோன்றும். பிறநாட்டிலிருந்து புறச்சமயப் பிரபுக்களை அழைத்துத் தன்னாட்டை முட்செடி நிறைந்ததாக்கினான் என்று அந்நூல் அவனைக் குறைகூறுகின்றது. இறுதியில் அவன் கங்காதடாகத்தை அடைந்து அங்கு வாழ்ந்தான் என்றும் அது சொல்லுகின்றது. கங்காதடாகம் என்பது திருகோணமலைப் பகுதியிலுள்ள கந்தளாய். இதனை மனத்தில் இருத்திக்கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இனிச் சிலப்பதிகாரத்துக்கு வருவோம். சேரன் செங்குட்டுவன் வஞ்சியிற் கண்ணகிக்குக் கோயில் எடுத்து விழாச் செய்தபோது அங்கு வந்திருந்த வேந்தருள் கடல்சூழ்ந்த இலங்கையின் கயவாகுவும் ஒருவன் என வரந்தரு காதை கூறும். நூலின் முற்பகுதியில் நிற்கும் உரைபெறு கட்டுரையும், அவன் தன் நாட்டில் அத்தெய்வத்துக்குக் கோட்டம் அமைத்து ஆடித்திங்களில் விழா எடுத்தான் என்றும், அதனால் மழை பெய்து வளம் பெருகிற்று என்றும் சொல்லும். உ. வே. சாமிநாதையரவர்கள் 1892இல் இந்நூலை அச்சேற்றிய பின்னர், இச்செய்தி சரித்திர ஆராய்ச்சியாளர் கண்ணிற் பட்டது. வி. கனகசபைப் பிள்ளையவர்கள் 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழர்' என்னும் பொருளில் ஆங்கிலத்தில் இயற்றி 1904இல் வெளிவந்த நூலில், செங்குட்டுவனும் கஜபாகுவும் ஒரு காலத்தவர் என்பதை அடிப்படையாகக் கொண்டு சங்க காலத்தை வகுத்தார். அவருடைய தந்தையார் யாழ்ப்பாணத்து மல்லாகத்தவர் என்பதை இங்கு நினைவுகூர்தல் நமக்கு மகிழ்ச்சி தருவதே. நீலகண்ட சாஸ்திரியார் முதலானோரும் அம்முடிபை ஏற்றனர். வையாபுரிப்பிள்ளை முதலியோர் ஏற்றிலர். காப்பியத்தைப் பல நூற்றாண்டுகள் பின்தள்ளினர்.

எந்தக் கயவாகு என்ற கேள்விக்கு மட்டும் விடை எளிது. சிலப்பதிகாரத்தை மிகப் பின்தள்ளுவோரும் 12ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதிவரை தள்ளுவதில்லை. ஆகவே பொலநறுவைக் கஜபாகு இங்கு இடம்பெற வழியில்லை. குறிக்கப்பட்டவன் முதற் கஜபாகுவே. ஆனால் ஒருவன் ஒரு நூலிற் குறிக்கப்படுதல் வேறு. அந்நூல் எழுந்த காலத்தில் அவன் வாழ்ந்தான் என்பது வேறு. இவ்வேறுபாட்டைப் பலரும் கவனியாது விட்டனர். காப்பியப் புலவன் ஒருவன் தனக்கு முன்னூறு ஆண்டுகள் முந்திய மன்னனையும் தன் கதைக்கு விருந்தாளியாக அழைக்கக்கூடும். அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. பெயர் நமக்குத் தருவது கதை நிகழ்ந்ததாகப் புலவன் எண்ணிய காலத்தை. நூல் எழுந்த காலத்தையன்று.

மற்றொரு பெயரையும் துணைக்கு அழைப்பர். செங்குட்டுவனுக்குக் கங்கையைக் கடக்க உதவிய நூற்றுவர் கன்னரைச் சாதவாகன மரபின் சதகர்ணி எனக் கொள்வர். சதம் நூறு, கர்ணன் கன்னன். பொருத்தம் அழகியதே. ஆயின் சதகர்ணி என்ற பெயரைச் சாதவாகன அரசர் பலர் தாங்கினர். அவர்களுள் எவன் என்று கேட்டால், ஒரு கயவாகுவை நிலைநிறுத்த வந்தவர்கள் பல சதகர்ணிகளுக்கு நடுவே நிற்கின்றனர். செங்குட்டுவனையே எடுத்துக்கொண்டாலும், பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்திற் பரணர் அவனைக் கடற்போர் வென்றவனாகப் பாடுகின்றார். கண்ணகிக்குக் கல் எடுத்த செய்தி அப்பத்தின் பாடல்களில் இல்லை, பின்சேர்ந்த பதிகத்திலேயே உண்டு.

இதனாற் சங்க காலம் நிலைகுலைந்து விடுமோ என அஞ்சவேண்டுவதில்லை. கரூருக்கு அண்மையிற் புகழூர் மலையிலுள்ள தமிழ்ப் பிராமிச் சாசனம் இவ்விடத்தில் நமக்குக் கைகொடுக்கின்றது. ஆதன் சேரல் இரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையை அது வரிசையாகக் கூறுகின்றது. பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துக்களின் தலைவர் வரிசையோடு இதனை ஐராவதம் மகாதேவன் முதலிய அறிஞர் ஒப்பிட்டுள்ளனர். எழுத்தமைதியோ ஏறக்குறைய 2ஆம் நூற்றாண்டைக் காட்டுகின்றது. தனிப்பெயர் ஒன்று தற்செயலாக ஒத்திருக்கலாம். மூன்று பெயர்கள் தந்தை, மகன், பேரன் என்ற முறையில், ஒரே குடியில், ஒரே நாட்டில் ஒத்துவருதல் எளிதிற் தற்செயலாகாது. கயவாகு என்ற ஒற்றைத் தூணிலும் இம்மூன்று கல்லும் உறுதி மிக்கன என்பதே எம் கருத்து. கயவாகுச் செய்தி இவற்றோடு முரணாதிருப்பது அதற்குப் பெருமை; இவற்றையெல்லாம் அது தாங்கி நிற்கின்றது எனல் மிகையுரை.

மகாவம்சம் மௌனம் சாதித்த இடத்திற் பிற்காலச் சிங்கள நூல்கள் வாய்திறக்கின்றன. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பூஜாவலியவிற் கஜபாகு சோழநாட்டுக்குச் சென்ற கதை வருகின்றது. 17ஆம் நூற்றாண்டின் பின் உருப்பெற்ற இராஜாவலியவில் அக்கதை முழு வளர்ச்சி அடைந்துள்ளது. சோழ மன்னன் இலங்கையிலிருந்து 12,000 பேரைச் சிறைகொண்டு போனான். கஜபாகு நீலன் என்னும் வீரனோடு சென்று இரும்புத் தண்டாற் கடலை அடித்துப் பிளந்து வழிசெய்து, அவர்களை மீட்டதோடு வேறு 12,000 பேரையும் கொண்டுவந்தான். பத்தினித் தெய்வத்தின் சிலம்பையும் கொணர்ந்தான் என்பது கதை. கண்டிப் பெரகராவின் தோற்றத்தையும் இவ்வெற்றியோடு இணைத்துக் கூறுவர். பத்தினி வழிபாட்டை விரிவாக ஆராய்ந்து 1984இற் பெருநூல் வெளியிட்ட பேராசிரியர் கணநாத் ஒபயசேகர, இதனைச் சரித்திர நிகழ்ச்சியாகக் கொள்ளாது, தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய மக்களின் வருகைக்குக் காரணங்காட்ட எழுந்த கதையாகக் கொண்டார். அவர் கூற்றில் வலிமை உண்டு. போரின்றி மெல்ல மெல்ல வந்து குடியேறிய மக்களின் வரலாற்றுக்குத் தலைவன் இல்லை. தலைவன் இல்லாத வரலாற்றை மக்கள் நினைவில் வைப்பதில்லை. ஆகவே புகழ்பெற்ற பெயரொன்றை அதற்குத் தலையாக்கினர். ஆயின் பத்தினியோடு பிணைக்க வேறெப்பெயரையும் எடாது கஜபாகுவின் பெயரையே ஏன் எடுத்தனர் என்ற வினா எஞ்சுகின்றது. காப்பியத்துக்கும் சிங்கள மரபுக்கும் பொதுவான பழைய செய்தியொன்று இருந்திருக்கலாம். அன்றேற் காப்பியக் கதையே தெய்வத்தோடு சேர்ந்து கடல்கடந்து வந்திருக்கலாம். பின்னதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

யாழ்ப்பாணத்திலும் அங்கணாமைக்கடவைக் கண்ணகி கோயிலைக் கயவாகுவோடு தொடர்புபடுத்தும் ஐதிகம் உண்டு. நம் பகுதிகளிற் கண்ணகி கோயில்கள் சில பின்னாளில் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி எனப் பெயர் மாறின. ஒரு பெயர் பலரிடம் செல்வதும் உண்டு. ஒரு கோயில் பல பெயர் கொள்வதும் உண்டு. ஆராய்பவனுக்கு இரண்டும் சங்கடமே.

ஈற்றிற் கோணேசர் கல்வெட்டின் கயவாகு. கோணேசர் ஆலயத்தை அழிக்கும் எண்ணத்தோடு வந்த கயவாகு மன்னன் கண்ணொளி இழந்தான் என்றும், கந்தளாயில் அதனை மீளப் பெற்று அடியவனானான் என்றும், கண் தழைத்த இடமே கந்தளாய் எனப் பெயர் கொண்டது என்றும் திருகோணமலை மரபு கூறும். ஊர்ப்பெயருக்குக் கூறும் இவ்விளக்கம் பிற்காலத்தார் கற்பனை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் இக்கயவாகு யார்? அவனை முதற் கஜபாகுவாகக் கொண்டு கோணேசர் கோயிலின் காலத்தையும் அவனோடு சேர்த்து எண்ணுவோர் உளர். கோயிலின் தொன்மைக்குத் திருஞானசம்பந்தர் பதிகமே போதிய சான்றாயிருக்க, அதற்கு இக்கயவாகுவின் துணை வேண்டியதில்லை. மரபு அவனை நிறுத்தும் இடம் கந்தளாய். சூளவம்சம் இரண்டாங் கஜபாகுவை நிறுத்தும் இடமும் அதுவே. அவன் பாட்டனாகிய விஜயபாகுவின் காலத்தில் அங்கு விஜயராஜ ஈஸ்வரம் என்னும் சிவாலயம் இருந்தமையைப் பளமோட்டைத் தமிழ்ச் சாசனம் காட்டுகின்றது. பின்னர் நிசங்கமல்லனின் கல்லாசனச் சாசனம் அவ்வூரைச் சதுர்வேத பிரமபுரம் என்கின்றது. ஆகவே சிவாலயமும் வேதியர் குடியிருப்பும் உள்ள ஊரிலே, புறச்சமயத்தார்க்கு இடங்கொடுத்தான் எனப் பழிக்கப்பட்ட அரசன் தன் இறுதி நாட்களைக் கழித்தான். பகைவனாய் வந்தவன் அடியவனாய் மாறினான் என்பது தலபுராணங்கள் விரும்பும் நடை. அந்நடையை நீக்கிவிட்டால் எஞ்சும் ஊரும் பெயரும் சமயச் சார்பும் மூன்றும் பொலநறுவைக் கஜபாகுவையே காட்டுகின்றன.

இவன் காலத்துத் தமிழ்ச் சாசனமொன்று அதே மாவட்டத்து மாங்கனாயிற் கிடைத்துள்ளது. அக்காலத்துச் சாசனங்களில் ஒரு விசித்திரம் உண்டு. அவை தம் ஆண்டுக் கணக்கை ஆளும் மன்னன் பெயரால் எண்ணாது, ஆட்சி முடிந்து போன ஜயபாகுவின் பெயரால் எண்ணுகின்றன. உரிமைப்போர் ஓயாத காலத்தில் எவனும் முடிசூடிய மன்னனாக எல்லாராலும் ஏற்கப்படவில்லை என்பது இதற்குக் கூறப்படும் காரணம். கஜபாகுவின் பெயர் கல்லில் இருக்கின்றது. ஆண்டு மட்டும் இன்னொருவனுடையது.